ஸ்பிரேயர் பேட்டரி எங்கே போனது?

கிளிஞ்சல்மேட்டுக்கு நான் போவது மீன் கழிவு எடுக்க. மாதத்துக்கு இரண்டு தடவை, பைக்கில் இரண்டு பெயிண்ட் வாளியைக் கட்டிக்கொண்டு போவேன். தலை, குடல், செதில் எது கிடைத்தாலும் சரி. எடைக்கு எடை வெல்லம் போட்டு மூடி வைத்தால் மூன்று வாரத்தில் மீன் அமிலம் தயார். பத்து லிட்டர் தண்ணிக்கு 100 மில்லி கலந்து அடித்தால் போதும், பயிர் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். கழிவுக்கு அங்கே யாரும் காசு வாங்குவதில்லை. பதிலுக்கு நான் கொண்டுபோவது கீரையும் சீரகச் சம்பா அரிசியும். ஆறு வருடமாக இந்தப் பண்டமாற்று நடக்கிறது.

போன மாசியில் ஒருநாள் நண்பர் வீட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். தென்னைமரத்தடியில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டி, ஒரு இரும்புச் சட்டியில் எதையோ உருக்கிக்கொண்டிருந்தார் அவருடைய அப்பா. பக்கத்தில் சாக்கில் கறுப்புப் பிளாஸ்டிக் கூடுகள் உடைந்து கிடந்தன. ஒரு கூட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டில் 12-6-21 என்று எழுதியிருந்தது. அது என் கையெழுத்து. கருவி, பேட்டரி, பைப் எது வாங்கினாலும் வாங்கிய தேதியை அதன் மேல் எழுதிவிடுவது என் பழக்கம். பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் அடிக்கும் என் பேட்டரி ஸ்பிரேயரில் நான்கு வருடத்துக்கு முன் போட்ட பேட்டரி அது. செத்துப்போனதும், "ஈயத்துக்கு ஆகும், குடுங்க" என்று நண்பர் கேட்டார். நானும் கொடுத்துவிட்டு மறந்துபோனேன்.

"என்னாங்கய்யா, பேட்டரி ஈயமா?" என்றேன்.

"ஆமா தம்பி. வலைக்குக் குண்டு ஊத்துறேன். கடையில ஈயம் விக்கிற வெலைக்கு எங்க வாங்குறது? நீங்க குடுத்தது ஒண்ணு, போட்டு பேட்டரி ரெண்டு. ஒரு வலைக்கு ஆயிடும்."

"உள்ள இருந்த ஆசிட்ட என்னா பண்ணுனீங்க?"

"மணல்லதான் ஊத்துனேன். மணலு குடிச்சிடும்."

மூன்று வயதுப் பேரன் பக்கத்தில் குந்தியிருந்தான். உடைந்த தகடு ஒன்றை வைத்து மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். விரல் முழுக்கச் சாம்பல் நிறப் பொடி. அந்த விரலை வாயில் வைத்ததை நான் பார்த்தேன். பார்த்தும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாளியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. ஒரு சொட்டு பூச்சிமருந்து தெளிக்காத உழவன் என்று கூட்டத்தில் பேசுகிறவன், இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு நஞ்சுப் பெட்டியைக் குழந்தை விளையாடும் இடத்துக்குக் கையால் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சட்டியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஈய அமில பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்மங்களும்தான். மீதி கந்தக அமிலமும் பிளாஸ்டிக்கும். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகு அடுப்பே போதும். ஆனால் உருகிக் குண்டாவது தகட்டின் சட்டம் மட்டும்தான். அதில் அப்பியிருக்கும் பசை, ஈய சல்பேட்டும் ஈய ஆக்சைடும், அந்தச் சூட்டில் உருகாது. கசடாக மேலே மிதக்கும், கரண்டியால் வழித்து ஓரமாகக் கொட்டுவார்கள். காய்ந்தால் பொடி. புகையைவிட மோசம் இந்தப் பொடிதான். காற்றில் பறக்கும், துணியில் ஒட்டும், சோற்றுப்பானைக்கும் வரும்.

ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு எடுப்பதைப்போல் நாலைந்து மடங்கு சிறு குழந்தைகளின் உடம்பு எடுத்துக்கொள்ளும். காய்ச்சல் வராது, வாந்தி வராது. மெதுவாக மூளையை அரிக்கும். பள்ளிக்கூடத்தில், "பையன் மக்கு" என்று சொல்வார்கள், அவ்வளவுதான் வெளியே தெரியும். உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் இரத்தத்தில், அதாவது 80 கோடிப் பேர் வரை, டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கிறது என்று யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் கணக்குச் சொன்னார்கள். அதில் சுமார் 27 கோடிக்கு மேல் இந்தியக் குழந்தைகள். அந்த அறிக்கை முக்கியமான காரணமாகக் காட்டியது பழைய பேட்டரியைக் கண்டபடி உடைத்து உருக்குவதைத்தான்.

கடற்கரை மக்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் தாக்கருக்குப் பக்கத்தில் தியாரோய் சுர் மேர் என்று ஒரு கடலோர ஊர். பழைய பேட்டரி உடைப்பது அங்கே பல வருடப் பிழைப்பு, மண்ணெல்லாம் ஈயம் கலந்து கிடந்தது. ஈய விலை ஏறியதும் பெண்கள் அந்த மண்ணையே சலித்து விற்க ஆரம்பித்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் செத்துப்போனார்கள். ஏன் சாகிறார்கள் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை.

நம் டெல்டாக்காரர்களுக்கு மண் கெட்டுப்போவது புதிதல்ல. 2004 டிசம்பர் 26-ல் கடல் உள்ளே வந்தபோது கிளிஞ்சல்மேடும் அக்கம்பக்கத்து மீனவ ஊர்களும் உயிரை இழந்தன, வயல்கள் உப்பேறின. பல வருடத்துக்கு விளையாது என்றவர்கள் உண்டு. நாகப்பட்டினம் பக்கம் நம்மாழ்வார் ஐயா உழவர்களோடு நின்று தக்கைப்பூண்டு விதைக்கச் சொன்னார், மடக்கி உழச் சொன்னார். மழைத்தண்ணியைத் தேக்கி வடித்தோம். சீக்கிரமே நெல் திரும்பி வந்தது. உப்பு தண்ணியில் கரையும், மழை அதைக் கீழே இறக்கிவிடும். அதனால்தான் அது நடந்தது.

ஈயத்துக்கு அந்த வழி கிடையாது. மேல்மண்ணில் களியோடும் மக்கோடும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நூறு மழை பெய்தாலும் அசையாது, மக்காது, எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று தீர்க்காது. தொழு உரமும் மக்கு உரமும் நிறையப் போட்டு, மண் புளிக்காமல் பார்த்துக்கொண்டால் செடிக்குள் ஏறுவது குறையும். குறையுமே தவிர, ஈயம் அங்கேதான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கீரையும் கிழங்கும் போடவே கூடாது, ஒட்டிய மண்ணோடு வயிற்றுக்குள் போகும். இயற்கை உழவுக்கு மாறி மூன்று வருடத்தில் நிலம் தேறிவிடும் என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கணக்கு இதற்குச் செல்லாது.

அடுத்த தடவை போனபோது இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

"மச்சான் காரைக்கால்ல கரண்ட் காரு வாங்கியிருக்காரு. நானும் மீன் ஏத்த பேட்டரி ஆட்டோ எடுக்கலாம்னு இருக்கேன். அதுல ஈயம் இல்ல, லித்தியமாம். அது நல்லதுதானே அண்ணே?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். விசாரித்ததைச் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். மின்சாரக் கார் தயாராவதில் தொடங்கிக் கடைசிவரை உமிழும் கரியைக் கணக்கிட்டால், இந்தியாவில் அது பெட்ரோல் காரைவிட 19 முதல் 34 விழுக்காடு குறைவு என்று ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு 2021-ல் சொன்னது. ஐரோப்பாவில் இது 66 விழுக்காட்டுக்கு மேல். நமக்கு ஏன் குறைவு? நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி. காரைக்கால் துறைமுகத்தில் என்ன இறங்குகிறது என்பது வாஞ்சூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆக, ஆதாயம் உண்டு, ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற அளவு இல்லை.

30 யூனிட் மின்சாரம் பிடிக்கும் ஒரு சிறிய காரின் பேட்டரியில் சுமார் 3 கிலோ லித்தியம் இருக்கும். அது எப்படி வருகிறது என்பது வேதாரண்யத்து உப்பளம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். சிலி நாட்டில் அட்டகாமா பாலைவனத்தில் நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பெரிய பெரிய பாத்திகளில் விட்டு, ஒரு வருடத்துக்கு மேல் வெயிலில் காய வைக்கிறார்கள். நாம் கடல்தண்ணியைக் காய வைக்கிறோம். அவர்கள் காய வைப்பது பாலைவனத்துக்கு அடியில் இருக்கும் நீரை. அந்த உப்புநீர் குறையும்போது ஓரத்தில் இருக்கும் நல்ல தண்ணியும் இறங்கிவிடுமோ என்று அங்குள்ள பழங்குடி உழவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். காவிரி நடுவர் மன்றம் காரைக்காலுக்கு எழுதிவைத்த 7 டி.எம்.சி. தண்ணிக்காக வருடா வருடம் மேலே பார்த்துக்கொண்டு நிற்கும் நமக்கு அவர்கள் கவலையை யாரும் விளக்க வேண்டியதில்லை. சில வகை பேட்டரிக்குக் கோபால்ட் வேண்டும். உலகக் கோபால்ட்டில் சுமார் எழுபது விழுக்காடு காங்கோ நாட்டில் தோண்டுவது, அங்கே குழந்தைகளும் குழியில் இறங்குகிறார்கள். நம் நாட்டிலும் ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியக் கனிமம் இருக்கலாம் என்று 2023 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அது மலைச்சரிவில் இருக்கும் உழவர் பூமி.

இவ்வளவு விலை கொடுத்துத் தோண்டியதை ஒரு தடவை பயன்படுத்திவிட்டுக் குப்பையில் போட்டால் அதைவிடப் பாவம் வேறில்லை. ஆகவே மறுசுழற்சி நல்லதுதான். ஆனால் அந்தச் சொல்லை நான் இப்போது முன்னைப்போல் நம்புவதில்லை. உலகத்திலேயே மிக அதிகமாக மறுசுழற்சி ஆகும் பொருட்களில் ஒன்று ஈய பேட்டரி. கிளிஞ்சல்மேட்டில் பெரியவர் செய்ததும் மறுசுழற்சிதான். தியாரோயில் நடந்ததும் அதுதான். எங்கே, யார், எப்படிச் செய்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

லித்திய பேட்டரியை ஒழுங்காகப் பிரிப்பது இப்படி: மிச்ச மின்சாரத்தை முழுவதும் வடிப்பார்கள். பிறகு காற்றுப்படாத எந்திரத்தில் போட்டு நொறுக்குவார்கள். இரும்பு, செம்பு, அலுமினியம் தனியாக வந்துவிடும், மிச்சம் ஒரு கருந்தூள். லித்தியம், கோபால்ட், நிக்கல், மாங்கனீசு, கிராஃபைட் எல்லாம் அதில்தான். அதை அமிலத்தில் கரைத்து ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். சில ஆலைகள் கரைக்காமல் பெரும் உலையில் உருக்கிவிடும், அப்போது லித்தியம் கசடோடு போய்விடும். எந்த வழியிலும் அமிலக் கழிவுநீர் உண்டு, நஞ்சுக்காற்று உண்டு. அவற்றைப் பிடித்துச் சுத்தம் செய்யும் ஆலை என்றால் சரி. செங்கல் அடுப்பில் இது முடியவே முடியாது. ஆணி குத்தினாலே தீப்பிடிக்கும், உள்ளே இருக்கும் திரவம் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும், அது நுரையீரலை வேகவைக்கும் வாயு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் நாட்டுக் கார்களிலும் ஆட்டோக்களிலும் இப்போது அதிகம் வருவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. பாதுகாப்பானது, நீண்டநாள் உழைக்கும், காங்கோக் குழந்தைகளின் பாவமும் கொஞ்சம் குறையும். ஆனால் செத்த பிறகு அதில் விலைபோகிற சரக்கு குறைவு. ஈயத்துக்கு விலை இருக்கிறது, அதனால் தப்பான கைகளாவது தேடிவந்து எடுத்துப் போயின. இதைத் தேடி யார் வருவார்கள்? வாய்க்கால் ஓரத்தில் பிளாஸ்டிக் பையோடு இதுவும் கிடக்கும் நாள் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம். இப்போது விற்கும் புது ஸ்பிரேயர்களிலும் லித்தியம் வருகிறது. ஆக இது கார்க்காரர் பிரச்சினை மட்டும் இல்லை.

சட்டம் இருக்கிறது. 2001-லேயே ஈய பேட்டரிக்கு விதி போட்டார்கள். பழசை விற்பனையாளர் திரும்ப வாங்க வேண்டும், நாம் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இருபது வருடம் கழித்தும் ஈயம் கொல்லைப்புறச் சட்டியில்தான் உருகியது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை பேட்டரிக்கும் பொருந்தும், ஸ்பிரேயர் பேட்டரி உட்பட. தயாரித்தவரே திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். புதைக்கக் கூடாது, எரிக்கக் கூடாது. மின்வாகன பேட்டரியின் எடையில் 2024-25-ல் 70 விழுக்காடு, 2025-26-ல் 80, அதற்குப் பின் 90 விழுக்காடு பொருளை மீட்க வேண்டும். 2027-28 முதல் புது பேட்டரியில் மறுசுழற்சிப் பொருள் 5 விழுக்காடாவது இருக்க வேண்டும், 2030-31-ல் அது 20 ஆக வேண்டும். பரவாயில்லை, எழுத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இது மொத்த எடைக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் லித்தியத்துக்கென்று தனிக் கணக்கே கேட்கிறது, 2027 முடிவில் 50 விழுக்காடு, 2031 முடிவில் 80 என்று. நம் விதியிலும் அப்படி ஒரு வரி வேண்டும் என்று உழவர் அமைப்புகள் கேட்டால் தப்பில்லை.

ஆலை எங்கே வருகிறது என்பதிலும் கண் வேண்டும். தமிழ்நாடு 2020-ல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் எல்லைக்குள் காரைக்கால் வராது, நாம் புதுச்சேரி ஆட்சி. நிலம் ஒன்று, ஆறு ஒன்று, சட்டம் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. கென்யாவில் மொம்பாசா நகரத்தில் ஓவினோ உஹுரு என்ற குடியிருப்பை ஒட்டி ஈய பேட்டரி உருக்கும் ஆலை வந்தது. அதில் வேலைக்குச் சேர்ந்த ஃபிலிஸ் ஓமிடோ என்ற தாயின் கைக்குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனது, பரிசோதித்தால் ஈயம். அவர் வேலையை விட்டுவிட்டுப் போராட இறங்கினார், ஆலை 2014-ல் மூடப்பட்டது. மக்களுக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு தரவேண்டும் என்று 2020-ல் தீர்ப்பு வந்தது, இடையில் மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்ப நிலைநிறுத்தியது. ஆலை மூடிப் பத்து வருடம் கழித்து.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இது. வண்டி எடுங்கள், ஈய பேட்டரி வண்டி வேண்டாம், லித்தியம் எடுங்கள். வாங்கும்போதே பழசைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வண்டிக்குப் போதாமல் போன பேட்டரியில் இன்னும் எழுபது, எண்பது விழுக்காடு சக்தி இருக்கும், அது சோலார் விளக்குக்கு ஆகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் தெருக்கடையில் பிரித்துக் கோர்த்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். முக்கியமாகப் புயல் நேரம். 2022-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் புயலில் கடல்தண்ணியில் மூழ்கிய மின்சாரக் கார்கள் தண்ணி வடிந்து பல நாள் கழித்துத் தீப்பிடித்தன. உப்புத்தண்ணி உள்ளே புகுந்த வண்டியைச் சார்ஜ் போடக் கூடாது, வீட்டை விட்டும் வைக்கோல் போரை விட்டும் தள்ளி நிறுத்த வேண்டும். கஜா அடித்த 2018 நவம்பரில் இந்த வண்டிகள் நம்மிடம் இல்லை. அடுத்த புயலில் இருக்கும்.

எங்கள் உழவர் குழுவில் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். கொட்டகையில் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஈய பேட்டரி என்றால் நிமிர்த்தி வைக்க வேண்டும், உடைக்கவோ அமிலத்தை ஊற்றவோ கூடாது. லித்தியம் என்றால் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் வாளியில் தனியாக. வீங்கியிருந்தால் தொடாமல் சொல்லி அனுப்ப வேண்டும். இதுவரை ஒன்பது ஸ்பிரேயர் பேட்டரி, இரண்டு இன்வர்ட்டர் பேட்டரி சேர்ந்தது. முதலில் ஒரு கடையில் பழசு எடுப்பதில்லை என்றார்கள். விதியைச் சொன்னதும், முழுசாக உடைக்காமல் இருந்தால் எடுக்கிறோம் என்றார்கள், எடைக்குத் தள்ளுபடியும் தந்தார்கள். தள்ளுபடியை விட ரசீது முக்கியம், எந்த மறுசுழற்சியாளருக்குப் போகிறது என்று அதில் எழுதச் சொல்லுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவுபெற்றவர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மீன் கழிவு எடுக்கும் உழவர்களுக்கு ஒரு வார்த்தை. பயந்து விட்டுவிட வேண்டாம். மீன் இறங்கும் தளத்திலேயே, மண்ணும் சாம்பலும் ஒட்டாத கழிவாகப் பார்த்து எடுங்கள். கொல்லைப்புறத்தில் வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன்.

பெரியவருக்குத்தான் கஷ்டம். "அப்ப வலைக்கு என்னாத்தக் கட்டுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வார்த்த குண்டு கடையில் கிடைக்கும், காசு கூட ஆகும். குழுவில் பழைய பேட்டரி கொடுத்து வந்த தள்ளுபடிப் பணத்தில் ஒரு பகுதியை அவருக்குக் குண்டு வாங்கக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், முழு மனதோடு என்று சொல்ல முடியாது. நாற்பது வருடம் உருக்கினேன், எனக்கு என்ன ஆச்சு என்கிறார். மருமகள்தான் பிடிவாதமாகப் பேரனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வைத்தது. முடிவு 5-ஐத் தாண்டியிருந்தது. மருந்து போடும் அளவு இல்லை, ஈயம் வரும் வழியை அடையுங்கள், இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உள்ளதாகக் கொடுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் மருத்துவர். நான் இப்போது வாளியோடு கொண்டுபோவது கேழ்வரகும் முருங்கைக்கீரையும்.

தென்னைமரத்தடி மண்ணைத் தண்ணி தெளித்து, தூசு பறக்காமல், முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஒரு சாண் ஆழத்துக்கு வழித்தோம். கசடோடு ஏழு மூட்டை. அவற்றை எங்கே கொடுப்பது என்று இரண்டு அலுவலகங்களில் கேட்டேன், ஒன்று இன்னொன்றைக் காட்டியது. எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில், பெயிண்டில் தேதி எழுதி, இன்னும் அங்கேதான் நிற்கின்றன.